புதிய பேடும் டிஸ்க்கும் மாட்டிய பிறகு பிரேக் விடாமல் பிடிக்கிறதா?

டிஸ்க் பிரேக்கில் பேடை டிஸ்க்கில் அழுத்தும் பிஸ்டனைச் சுற்றியுள்ள ரப்பர் சீல், பெடலை மிதிக்கும்போது சற்றே வளைந்து, காலை எடுத்ததும் நிமிர்ந்து பிஸ்டனை மயிரிழை அளவு பின்வாங்கச் செய்கிறது. ஆகவே புதிய பேட் டிஸ்க்கில் லேசாக உரசுவது இயல்பே. ஆனால் கியர் நியூட்ரலில் இருந்தும் சக்கரத்தை இரு கைகளாலும் முக்கித் திருப்ப வேண்டியிருந்தாலோ, ஓடிய பின் ஒரு சக்கரம் மட்டும் மிகுதியாகச் சுட்டாலோ, அது கோளாறு.

முதல் படி: சமதளத்தில் நிறுத்தி, தரையில் நிற்கும் சக்கரங்களுக்கு அடைகட்டை கொடுத்து, வண்டியை ஜாக்கில் தூக்கி, ஸ்டாண்டின் மேல் இறக்குங்கள். ஜாக்கை மட்டும் நம்பி வேலை செய்யவே கூடாது.

இரண்டாம் படி: காலிப்பரை (பிஸ்டனும் பேடும் அமர்ந்திருக்கும் பாகத்தை) மாற்றத் துணியும் முன் இந்தச் சோதனையைக் கட்டாயம் செய்யுங்கள். பெடலைச் சில முறை மிதித்து விடுங்கள். சக்கரம் இறுகியிருக்கும் நிலையில், காலிப்பரில் காற்றையும் ஆயிலையும் வெளியேற்ற உதவும் பிளீடர் திருகில் ஒரு குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டு, திருகைக் கால் சுற்று தளர்த்துங்கள். பிரேக் ஆயில் பீறிட்டுச் சக்கரம் விடுபட்டால், உள்ளே அழுத்தம் தேங்கியிருந்தது என்று பொருள். ஒரே சக்கரம் என்றால் காலிப்பருக்கு ஆயில் கொண்டுவரும் ரப்பர் ஹோஸ் உள்ளே அடைத்திருக்கலாம். வேலையின்போது காலிப்பரை ஹோஸிலேயே தொங்கவிட்டிருந்தால் இந்த ஐயம் வலுக்கும். முன்சக்கரங்கள் இரண்டுமே இறுகினால், பெடலின் அழுத்தத்தை ஆயிலுக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டர் பக்கம் பாருங்கள். திருகைத் திறந்தும் சக்கரம் விடுபடவில்லையெனில், பழுது பாகங்களின் பொருத்தத்திலோ, சிக்கிக்கொண்ட பிஸ்டனிலோ இருக்கலாம்.

மூன்றாம் படி: பேடைக் கழற்றி அதன் இரு காதுகளையும் (இரு முனைகளிலும் நீண்டிருக்கும் பகுதிகளையும்) உற்றுப் பாருங்கள். பெயின்ட் உரிந்து பளபளக்கும் கோடு தெரிந்தால், அந்த இடம்தான் இறுகுகிறது. பெரும்பாலும் குற்றவாளி பேட் அல்ல, காது அமரும் உலோகக் கிளிப்புக்கு அடியில் படிந்த துருதான். அது கிளிப்பை உயர்த்திப் பேடின் வழியைக் குறுக்கிவிடுகிறது. கிளிப்பைக் கழற்றி, அடியிலுள்ள துருவைக் கம்பி பிரஷால் சுரண்டுங்கள். விரலால் தள்ளினாலே பேட் நழுவ வேண்டும். சுத்தியலால் தட்டி நுழைக்கும் பேட் திரும்பி வராது.

காலிப்பர் பக்கவாட்டில் நகர உதவும் ஸ்லைடு பின்களும் அப்படியே கையால் நகர வேண்டும். சில காலிப்பர்களில் இரு பின்களும் ஒன்றுபோல் இருப்பதில்லை. இடம் மாற்றி மாட்டினால் சிக்கிக்கொள்ளும். சிலிக்கான் கிரீஸ் மட்டுமே பூசுங்கள், பெட்ரோலிய கிரீஸ் ரப்பரை உப்பச் செய்யும். பின்சக்கரமானால், ஹேண்ட் பிரேக் கேபிள் முழுதும் தளர்கிறதா, திருகிச் சுருக்கும் வகைப் பிஸ்டனின் பள்ளத்தில் பேடின் குமிழ் அமர்ந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கடைசியாக, பிளீடரை இறுக்கி, காற்று புகுந்திருந்தால் வெளியேற்றி, ஆயில் அளவைச் சரிசெய்யுங்கள். பெயின்ட்டில் ஆயில் சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பெடல் கெட்டியாகும்வரை மிதித்த பிறகே வண்டியை நகர்த்துங்கள்.