லேப்டாப் வாங்கறதா, இருக்கற போனே போதுமா? கடைக்குப் போறதுக்கு முன்னாடி இதைப் பாருங்க

காலேஜ் அட்மிஷன் சீசன் வந்தாலே நம்ம கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு பக்கமெல்லாம் இதே பேச்சுத்தானுங்க, பையனுக்கு லேப்டாப் வாங்கோணுமா இல்ல நல்ல போனா ஒண்ணு எடுத்துக் குடுத்தா போதுமான்னு. கடைக்காரர்கிட்ட கேக்காதீங்க, ஒரு வாரம் வீட்டுல நடக்கற வேலையை நோட்டுல எழுதுங்க. பேசறது, பாக்கறது, படிக்கறது, பணம் அனுப்பறது ஒரு பக்கம். உக்காந்து டைப் அடிக்கறது, ரெண்டு விஷயத்தை ஒட்டுக்கா வெச்சுப் பாத்துச் செய்யறது இன்னொரு பக்கம். அந்த ரெண்டாவது பக்கம் காலியா இருந்தா லேப்டாப் வேண்டாமுங்க.

தோட்டம் பாக்கறவங்களுக்கு போனே போதும். மஞ்சள் ரேட் பாக்கறது, இலைல நோவு விழுந்தா போட்டோ எடுத்து அனுப்பறது, ஆளுக்கு கூலி போட்டு விடறது எல்லாம் நின்ன எடத்துல முடியற வேலை. யுபிஐ ஆப்பு உங்க சிம் போட்ட போன்லதான் ஓடும், அதனால லேப்டாப் வாங்கினாலும் போன் இல்லாம ஆகாது. நாலு வரி லெட்டர் எழுதோணும்னா தமிழ்ல வாயில சொன்னாலே போன் டைப் பண்ணிருது.

ஆனா திருப்பூர்ல ஜாப் ஒர்க் எடுத்துச் செய்யறவங்க காஸ்டிங் ஷீட்டை, அதாவது ஒரு துணிக்கு என்னென்ன செலவுன்னு போடற கணக்கை, போன்ல தொறந்து பாருங்க தெரியும். நூலு, நிட்டிங், டையிங், காம்பேக்டிங், தையல் கூலின்னு வலது பக்கமா போயிட்டே இருக்கும், அங்க தள்ளினா இந்தப் பக்கம் ஸ்டைல் பேரு மறைஞ்சுரும், எந்த வரில நிக்கறோம்னே தெரியாது, அதுல கட்டைவிரல் பட்டு 185 இருந்த எடத்துல 18னு ஆகி அப்படியே கொட்டேஷன் போயிருச்சுன்னா யாருங்க பொறுப்பு? மாசாமாசம் 11ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-1, 20ஆம் தேதிக்குள்ள ஜிஎஸ்டிஆர்-3பின்னு ஜிஎஸ்டி கணக்கும் வந்து நிக்கும். இவங்க யோசிக்கவே வேண்டாம், லேப்டாப்தான்.

இன்ஜினியரிங் கவுன்சிலிங் சாய்ஸ் போடறதும் இதே மாதிரிதான், போன வருஷ கட்-ஆஃப் ஒரு பக்கம் தொறந்து வெச்சுட்டுத்தான் காலேஜ் வரிசையை அடுக்கோணும், வரிசை மாறினா கெடைக்கற சீட்டே மாறிரும், புள்ளைங்க படிப்பு விஷயம், சின்ன ஸ்கிரீன்ல தயவுசெஞ்சு பண்ணாதீங்க. அந்த ஒரு வேலைக்கு மட்டும்னா பிரவுசிங் சென்டரே போதும், அதுக்குன்னு லேப்டாப் எடுக்கோணும்னு இல்ல.

ரெண்டு பக்க வேலையும் இருந்து கையில 50,000 இருந்தா மொத்தத்தையும் ஒரே போன்ல போட்டுராதீங்க. சாதாரண போன் ஒண்ணும் செகண்ட் ஹேண்ட் லேப்டாப் ஒண்ணும் எடுத்தா எச்சா வேலை ஆகும்ங்கறது என்னோட எண்ணம். ஆனா பாத்து எடுக்கோணும். விண்டோஸ் 10க்கு மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14ஓட வழக்கமான சப்போர்ட்டை நிறுத்திருச்சு, விண்டோஸ் 11 முறையா ஓடோணும்னா இன்டெல் பிராசஸர்ல பொதுவா எட்டாவது ஜெனரேஷனாவது வேணும். பிராசஸர் பேரு ஐ5-8250யூன்னு இருந்தா முதல் நம்பர் 8, எடுக்கலாம், 7200யூன்னு இருந்தா வெலை எவ்வளவு கம்மியா சொன்னாலும் விட்டுருங்க. ரேம் 8 ஜிபி இருக்கோணும், ஸ்டோரேஜுக்கு பழைய ஹார்ட் டிஸ்க் இல்லாம வேகமான எஸ்எஸ்டி இருக்கோணும். கடைலயே சார்ஜரைக் கழட்டிட்டு அரைமணி நேரம் வீடியோ ஓட விடுங்க, பேட்டரி லட்சணம் தெரிஞ்சுரும், அதுக்குள்ள நோட்பேடைத் தொறந்து கீபோர்டுல ஒவ்வொரு எழுத்தா அடிச்சுப் பாத்துட்டு, வாரண்டியை பில்லுல எழுதி வாங்கிக்கோங்க.