சிசிஎன்ஏ தேர்வுக்கு எத்தனை மணி நேரம் படிக்க வேண்டும்? நெல்லைப் பக்கத்துப் புதியவர்களுக்கு ஒரு திட்டம்

"மூணு மாசம் போதுமா?" என்று கேட்பவர்களுக்கு மாதக் கணக்கில் பதில் சொல்லிப் பயனில்லை. பாளையங்கோட்டையில் கல்லூரி விடுமுறையில் இருப்பவருக்கும், வண்ணார்பேட்டையில் வேலை முடித்து அம்பாசமுத்திரம் பஸ் ஏறுபவருக்கும் மாதம் ஒரே அளவு இல்லை. அதனால் சிசிஎன்ஏவுக்கு, அதாவது சிஸ்கோ நிறுவனம் நடத்தும் நெட்வொர்க்கிங் சான்றிதழ் தேர்வுக்கு, மணிக் கணக்கு வையுங்கள். நெட்வொர்க்கிங்கைப் புதிதாகத் தொடங்குபவர் 240 மணி நேரம் ஒதுக்கலாம். வார நாட்களில் ஒன்றரை மணி, சனி ஞாயிறு சேர்த்து ஐந்து மணி படித்தால் சுமார் 19 வாரத்தில் முடியும். பஸ்ஸில் போர்ட் எண்களை (ஒவ்வொரு நெட்வொர்க் சேவைக்கும் உரிய எண்) மனப்பாடம் செய்யலாம், நல்லதுதான். ஆனால் அதை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

படி 1: பாடத்திட்டமும் மென்பொருளும்

தேர்வின் எண் 200-301. 2024 ஆகஸ்ட் 20 முதல் அதன் 1.1 பதிப்பு நடப்புக்கு வந்தது. தொடங்கும் முன் சிஸ்கோ தளத்தில் நடப்புப் பதிப்பைப் பார்த்து, பாடத்திட்டத்தை அச்செடுத்து வையுங்கள். மதிப்பெண் பங்கீடு: அடிப்படை 20%, ஸ்விட்ச்சும் வயர்லெஸ்ஸும் 20%, ரூட்டிங் 25%, ஐபி சேவைகள் 10%, பாதுகாப்பு 15%, ஆட்டோமேஷன் 10%. பயிற்சிக்கு சிஸ்கோ நெட்வொர்க்கிங் அகாடமியில் கணக்குத் தொடங்கினால், நெட்வொர்க்கைக் கணினித் திரையிலேயே அமைத்துப் பார்க்கும் பாக்கெட் ட்ரேசர் மென்பொருள் இலவசம். நிஜ ஸ்விட்ச், ரூட்டர் வாங்கத் தேவையில்லை.

படி 2: முதல் 50 மணி

ஓஎஸ்ஐ அடுக்குகள் (நெட்வொர்க் வேலையை ஏழு அடுக்காகப் பிரிக்கும் மாதிரி), தரவை அனுப்பும் முறைகளான டிசிபி, யுடிபி, முகவரி முறைகளான ஐபிவி4, ஐபிவி6. இதில் பாதி நேரம் சப்நெட்டிங்குக்கே (பெரிய நெட்வொர்க்கைச் சிறு நெட்வொர்க்குகளாகப் பிரிப்பது) போகட்டும். ஒரு கணக்கு: 192.168.10.77/27 எந்த நெட்வொர்க்கில் இருக்கிறது? /27-க்கு மாஸ்க் (முகவரியில் எந்தப் பகுதி நெட்வொர்க் என்று காட்டும் எண்) 255.255.255.224. 256-இல் 224 போனால் 32. ஆக நெட்வொர்க்குகள் 0, 32, 64, 96 என்று போகும். 77 விழுவது 64-இல். பிராட்காஸ்ட் (எல்லாக் கருவிகளுக்கும் சேர்த்து அனுப்பும் முகவரி) 95, கருவிகளுக்குக் கொடுக்கக்கூடியவை 65 முதல் 94 வரை, மொத்தம் 30. இப்படித் தினமும் பத்துக் கணக்கு போடுங்கள். ஒரு கணக்கு ஒரு நிமிடத்துக்குள் வரும்வரை அடுத்த படிக்குப் போக வேண்டாம். இங்கே அவசரப்பட்டவர்தான் பிறகு ரூட்டிங்கில் திணறுவார்.

படி 3: அடுத்த 100 மணி

தேர்வின் முதுகெலும்பான ஸ்விட்ச்சும் ரூட்டிங்கும் இங்கேதான். ஒரு மணி நேரம் வீடியோ பார்த்தால் இரண்டு மணி நேரம் லேப் (செய்முறைப் பயிற்சி) செய்ய வேண்டும்.

முதல் லேப், பாக்கெட் ட்ரேசரில்: ஒரு 2960 ஸ்விட்ச், ஒரு 2911 ரூட்டர், இரண்டு பிசி. ஒரு பிசி வீலான் (ஒரே ஸ்விட்ச்சுக்குள் பிரித்து வைக்கும் தனி நெட்வொர்க்) 10, மற்றது வீலான் 20. ரூட்டருக்குப் போகும் ஸ்விட்ச் போர்ட் ட்ரங்க், அதாவது பல வீலான்களையும் சுமக்கும் போர்ட். ரூட்டரில் இரண்டு சப்-இன்டர்ஃபேஸ் (ஒரே போர்ட்டுக்குள் வீலானுக்கு ஒன்றாகப் பிரித்த பகுதி). அவற்றில், எந்த வீலான் என்று சொல்லும் என்கேப்சுலேஷன் டாட்1கியூ வரியை முதலில் கொடுங்கள். அதற்கு முன் ஐபி கொடுத்தால் ரூட்டர் ஏற்காது. ஒரு பிசியிலிருந்து மற்றதுக்குப் பிங் (இணைப்பு இருக்கிறதா என்ற சோதனை) போகவில்லையா? ரூட்டரின் தாய் இன்டர்ஃபேஸில் 'நோ ஷட்டவுன்' (போர்ட்டை இயக்கும் கட்டளை) கொடுத்தீர்களா, பிசியில் டீஃபால்ட் கேட்வே (வெளி நெட்வொர்க்குக்கு வழியான ரூட்டர் முகவரி) இருக்கிறதா, 'ஷோ இன்டர்ஃபேசஸ் ட்ரங்க்' அந்தப் போர்ட்டைக் காட்டுகிறதா என்று இந்த வரிசையிலேயே பாருங்கள். முதல் பிங் மட்டும் தவறி மற்ற மூன்றும் வந்தால் அது பிழையல்ல. எதிர்க் கருவியின் மேக் (வன்பொருள்) முகவரியைக் கண்டுபிடிக்க ஏஆர்பி என்ற நெறிமுறை எடுத்துக்கொண்ட நேரம் அது.

அடுத்து எஸ்டிபி (ஸ்விட்ச்சுகளுக்கிடையே தரவு சுழன்றுகொண்டே இருப்பதைத் தடுப்பது), ஈதர்சேனல் (பல இணைப்புகளை ஒன்றாகக் கட்டுவது), பிறகு ரூட்டிங். பாளை, தென்காசி, அம்பை என்று மூன்று ரூட்டரை ஈதர்நெட்டில் இணைத்து, முதலில் ஸ்டாட்டிக் ரூட்டில் (கையால் எழுதும் வழி) இணையுங்கள். அதை அழித்துவிட்டு, ரூட்டர்களே வழியைப் பரிமாறிக்கொள்ளும் ஓஎஸ்பிஎஃப்பில் இணையுங்கள். இணைந்ததும் வேண்டுமென்றே கெடுங்கள். ஒரு பக்கம் ஏரியா எண்ணை (ஓஎஸ்பிஎஃப் பகுதியின் எண்) மாற்றுங்கள், இன்னொரு முறை ஹலோ டைமரை (அண்டை ரூட்டருக்குச் செய்தி அனுப்பும் இடைவெளி) 10 நொடியிலிருந்து 15 ஆக்குங்கள், மற்றொரு முறை சப்நெட் மாஸ்க்கை மாற்றுங்கள். மூன்றிலுமே அண்டை ரூட்டர் உறவு அறுந்துபோவதைக் கண்ணால் பார்த்தால் மறக்காது.

ஐப்பசி, கார்த்திகை மழைக்காலத்தில் படிப்பவர்களுக்கு ஒன்று: கரண்ட் போய்க் கணினி அணைந்தால் சேமிக்காத லேப் போய்விடும். கோப்பைச் சேமிப்பதோடு ரூட்டரின் அமைப்பையும் சேமியுங்கள். ரன்னிங் கான்ஃபிக்கை (இப்போது ஓடும் அமைப்பு) ஸ்டார்ட்அப் கான்ஃபிக்குக்கு (தொடங்கும்போது படிக்கும் அமைப்பு) நகலெடுக்காவிட்டால், ரூட்டரை அணைத்து மறுபடி இயக்கும்போது அது வெறுமையாக நிற்கும்.

படி 4: 50 மணி

டிஹெச்சிபி (ஐபி முகவரியைத் தானாகக் கொடுப்பது), நேட் (உள் முகவரியை வெளி முகவரியாக மாற்றுவது), என்டிபி (கடிகாரங்களை ஒத்திசைப்பது), ஏசிஎல் (எதை விடுவது, எதை மறுப்பது என்ற பட்டியல்), போர்ட் செக்யூரிட்டி (போர்ட்டில் எந்தக் கருவி இணையலாம் என்ற கட்டுப்பாடு), வயர்லெஸ், ஆட்டோமேஷன். ஏசிஎல்லில் ஒரே ஒரு மறுப்பு வரி எழுதியதும் எல்லாமே நின்றுபோகும். பட்டியலின் கடைசியில் கண்ணுக்குத் தெரியாத 'எல்லாவற்றையும் மறு' என்ற விதி இருப்பதுதான் காரணம். கீழே ஓர் அனுமதி வரி சேருங்கள். ஆட்டோமேஷனில் நிரல் எழுத வேண்டாம். ஜேசானை (தரவை எழுதும் ஒரு வடிவம்) படித்துப் புரிந்துகொள்ளுங்கள், பாடத்திட்டத்தில் உள்ள மற்ற கருத்துகளையும் தெரிந்துகொள்ளுங்கள்.

படி 5: கடைசி 40 மணி

மாதிரித் தேர்வுகளை 120 நிமிடக் கெடு வைத்து எழுதுங்கள். உண்மைத் தேர்வில் ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர வழியில்லை, அந்தப் பழக்கம் இப்போதே வரட்டும். தமிழில் விளக்கம் கேட்டுப் படித்திருந்தாலும், கேள்விகளை ஆங்கிலத்திலேயே வாசித்துப் பழகுங்கள். புதிய மாதிரித் தாள் மூன்றில் தொடர்ந்து 85 சதவீதம் வந்தபிறகு தேதி குறியுங்கள். கட்டணம் 300 டாலர், வரி தனி. தவறினால் ஐந்து நாள் காத்திருந்து, முழுக் கட்டணமும் மறுபடி கட்ட வேண்டும். டெலிகிராமில் சுற்றும் 'டம்ப்' கேள்விகளை (உண்மைத் தேர்விலிருந்து திருடியவை) தொடாதீர்கள். பிடிபட்டால் சான்றிதழ் ரத்தாகும். பிடிபடாவிட்டாலும் நேர்முகத் தேர்வில் ஒரு ட்ரங்க் போர்ட்டைச் சரிசெய்யச் சொன்னால் கை நடுங்கும்.

வீட்டிலிருந்தே எழுதலாம் என்றாலும், மின்தடையும் இணையத் தடையும் உள்ள ஊர்களில் மையத்துக்குப் போய் எழுதுவதே பாதுகாப்பு. தேர்வை நடத்தும் பியர்சன் வியூ தளத்தில் பதியும்போது அருகிலுள்ள மையங்கள் தெரியும். அங்கே பெயரைக் கவனியுங்கள். நம் ஊரில் இனிஷியல் ஒரு சான்றில் முன்னால் இருக்கும், இன்னொன்றில் அப்பா பெயராக விரிந்திருக்கும். தேர்வன்று காட்டப்போகும் அடையாள அட்டையில் உள்ளபடியே எழுத்து மாறாமல் பதிவுசெய்யுங்கள். மாறியிருந்தால் உள்ளே விட மறுக்கலாம். தேர்வு நாளுக்கு முன்பே பியர்சன் வியூவைத் தொடர்புகொண்டு திருத்திவிடுங்கள்.