ஃபோர்டு மாடல் டி ஏன் 70-ஐ தாண்டல? ஒரு பேனா பேப்பர் போதும், போட்டு பாத்துடலாம்

மாடல் டி கார் (1908–1927) இன்ஜின் 20 ஹார்ஸ்பவர், டாப் ஸ்பீடு மணிக்கு 65–70 கிலோமீட்டர். இந்த 70 எங்கருந்து வருதுன்னு நாமளே கணக்கு போடலாம், பிளஸ் டூ பிசிக்ஸ் கூட தேவையில்ல.

ஸ்டெப் 1: டயர் இழுவை
டயர் உருளும்போது ரப்பர் நசுங்கி நிமிருது, நசுக்க போன சக்தி முழுசா திரும்பி வராது, சூடா போயிடும். ஆளோட சேத்து வண்டி 700 கிலோன்னு வைங்க, சுமாரான ரோட்டுக்கு 0.02-ஆல பெருக்குங்க, 14 கிலோ. அத 9.8-ஆல பெருக்கினா 137 நியூட்டன். ஸ்பீடு ஏறினாலும் இது பெருசா மாறாது. ஆனா மணல்ல 0.2 கூட ஆகும், அதாவது 140 கிலோ, அதான் அப்பல்லாம் வண்டி சிக்கினா எல்லாரும் இறங்கி தள்ளினாங்க.

ஸ்டெப் 2: காத்து
செங்குத்தா நிக்குற கண்ணாடி, துணி கூரை, துருத்திக்கிட்டு இருக்குற மட்கார்டு, லைட்டு, எல்லாமே காத்த மறிக்கும். முன்பக்க பரப்பையும் வடிவத்துக்கான எண்ணையும் பெருக்கி 2-ன்னு எடுத்துக்குறேன், என் தோராயம்தான். ஃபார்முலா: 0.6 × 2 × வேகம் × வேகம் (0.6-ங்கிறது காத்தோட அடர்த்தில பாதி).

வேகத்த 3.6-ஆல வகுத்து, நொடிக்கு எத்தன மீட்டர்னு மாத்திட்டு போடுங்க! நான் மொத தடவ 72-ஐ அப்படியே போட்டுட்டு 6,200 நியூட்டன்னு வந்ததும் திருதிருன்னு முழிச்சேன்.

36 கிலோமீட்டர்னா 10, விடை 120 நியூட்டன். 72-ன்னா 20, விடை 480. வேகம் ரெண்டு மடங்கு, தடை நாலு மடங்கு.

ஸ்டெப் 3: ஹார்ஸ்பவர்
ரெண்டு தடையையும் கூட்டி, அதே நொடிக்கு மீட்டர் வேகத்தால பெருக்கி, 746-ஆல வகுங்க (ஒரு ஹார்ஸ்பவர்னா 746 வாட்). 36-ல 3.4 வரும், 72-ல 16.5. கியர்லயும் ஆக்ஸில்லயும் கொஞ்சம் காணாம போயிடும், அவ்ளோதான், 20 காலி. 100 போகணும்னா கிட்டத்தட்ட 40 வேணும்!

இன்ஜின ஏத்தாம வடிவத்த மாத்தியும் காத்த சமாளிக்கலாம். 1899-லயே ஜெனாட்ஸின்னு ஒருத்தர் துப்பாக்கி குண்டு மாதிரி பாடி கட்டின எலக்ட்ரிக் கார்ல மணிக்கு 105.88 கிலோமீட்டர் ஓட்டினாரு, ஆனா அவரு மட்டும் இடுப்புக்கு மேல வெளிய நீட்டிக்கிட்டு உக்காந்திருந்தாரு, பாத்தா சிரிப்பு வரும். 1921-ல ரூம்ப்ளர்னு ஒரு இன்ஜினியர் பெர்லின்ல நீர்த்துளி வடிவ கார் காட்டினாரு, அத 1979-ல காத்து சுரங்கத்துல (காத்த வேகமா அடிச்சு தடைய அளக்குற கூடம்) வெச்சு அளந்தா வடிவ எண் மட்டும், பரப்பால பெருக்காம, வெறும் 0.28.

ஸ்டெப் 4: நீங்களே போடுங்க
மாடல் டி வெயிட்ட அப்படியே வெச்சுக்கிட்டு, வடிவம் மட்டும் நீர்த்துளி மாதிரி ஆச்சுன்னு வெச்சு (0.28-ஐ முன்பக்க பரப்பு 2.5-ஆல பெருக்கினா 0.7), 2-க்கு பதிலா 0.7 போட்டு 100-க்கு கணக்கு பண்ணுங்க. 17 சொச்சம் வருதா? இன்ஜின் அதே 20 தான்.