ஹோமர் புறாவில் சொந்த ரத்தம்: எவ்வளவு நெருக்கம், எங்கே நிறுத்துவது

நாக்பூரிலிருந்து சென்னைக்கு நேர்கோட்டில் ஏறக்குறைய 900 கிலோமீட்டர். தூரத்தில் திறந்துவிட்டாலும் வீடு திரும்பும் பந்தயப் புறாதான் ஹோமர். நாக்பூரில் திறந்துவிட்டு வீடு வந்த ஆண் ஹோமருக்கு அதன் மகளையே ஜோடி போடலாமா? வியாசர்பாடி மாடியிலும் ராயபுரம் மாடியிலும் ஓயாமல் கேட்கும் கேள்வி இது. போடலாம், எதற்கென்று தெரிந்து போட்டால். சொந்த ரத்தம் சேர்வதால் புதுத் திறமை எதுவும் முளைக்காது, உள்ளதுதான் கெட்டிப்படும். ஒவ்வொரு ஜீனும் தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று என்று ஜோடியாக வருகிறது. குறையுள்ள ஜீன் பெரும்பாலும் நல்லதன் பின்னால் மறைந்து கிடக்கும். இரு பக்கமும் ஒரே மூதாதையாக இருந்தால் அந்தக் குறை இரண்டாகச் சேர்ந்து வெளியே வந்துவிடும்.

முதலில் மூலப் பறவையை, அதாவது யாருடைய ரத்தத்தைக் கெட்டிப்படுத்தப் போகிறீர்களோ அந்த ஆணை, தேர்ந்தெடுங்கள். பந்தயத்தில் ஜெயித்தது மட்டும் போதாது. இரண்டு மூன்று வேறு பெட்டைகளோடு போட்டும் அதன் குஞ்சுகள் விஜயவாடா தூரத்திலிருந்து வந்திருக்க வேண்டும். ஒரே பெட்டையோடு மட்டும் நல்ல குஞ்சு தந்திருந்தால், பெருமை அந்தப் பெட்டைக்குச் சேர வேண்டியதாகவும் இருக்கலாம். கண்ணைப் பூதக்கண்ணாடியில் பார்த்து ரத்தம் சொல்பவர்களை நம்பி ஜோடி போடாதீர்கள்.

நெருக்கத்தின் கணக்கு இது. தகப்பன்–மகள், தாய்–மகன், உடன்பிறந்தவை என்றால் குஞ்சின் உள்கலப்பு (ஒரு ஜீனின் இரு பிரதியும் ஒரே மூதாதையிடமிருந்தே வர உள்ள வாய்ப்பு) 25 சதவீதம். ஒரே ஆணுக்கு வேறு வேறு பெட்டைகளில் பிறந்தவை, தாத்தா–பேத்தி என்றால் 12.5. பெரியப்பன், சித்தப்பன் பிள்ளைகள் என்றால் 6.25. தகப்பன்–மகள் ஜோடியில் பிறந்த பெட்டையை மறுபடி அதே ஆணுக்குப் போட்டால் 37.5 ஆகிவிடும், அந்தக் குஞ்சில் 87.5 சதவீதம் அதே ஆணின் ரத்தம். அதிகப் பெட்டிகள் இல்லாத மாடிக்கு 12.5 போதும். 25-க்குப் போகிறவர் நிறையக் குஞ்சு எடுத்து, தேறாததைத் தயங்காமல் கழிக்கத் தயாராக இருக்க வேண்டும்.

தகப்பன் யாரென்று உறுதியில்லாவிட்டால் இந்தக் கணக்கெல்லாம் வீண். திறந்த கூண்டில் பெட்டை பக்கத்துப் பெட்டி ஆணோடும் சேரும். அதனால் பழைய ஜோடியிலிருந்து பிரித்து இரண்டு வாரம் பெட்டையைத் தனியே வையுங்கள். பிறகு புது ஆணோடு ஒரே பெட்டியில் அடைத்து, இரண்டாவது முட்டை விழும்வரை திறக்காதீர்கள். சேர்ந்த எட்டு முதல் பன்னிரண்டு நாளில் முதல் முட்டை பெரும்பாலும் மாலையில் விழும். சுமார் 44 மணி நேரம் கழித்து அடுத்தது. குஞ்சுக்கு ஏழாம் நாள் வாக்கில் காலில் அடையாள ரிங் போடும்போதே தாய், தகப்பன் ரிங் நம்பரை நோட்டில் ஏற்றிவிடுங்கள்.

நிறமும் சாட்சி சொல்லும். இரண்டு புளூ பார் (சாம்பல் நீல இறக்கையில் இரண்டு கறுப்புப் பட்டை) சேர்ந்தால் செக்கரும் (இறக்கையில் கட்டம் கட்டமாகப் புள்ளி) பிறக்காது, மீலியும் (வெளிறிய உடலில் சிவப்புப் பட்டை) பிறக்காது. பிறந்தால் வேறு ஆண் புகுந்திருக்கிறது. புளூ ஆணுக்கு மீலி பெட்டையைப் போட்டால் ஆண் குஞ்செல்லாம் சிவப்பு வகை, பெட்டைக் குஞ்செல்லாம் புளூ வகை. இந்த நிற ஜீன் பாலினக் குரோமோசோமில் இருக்கிறது; பறவையில் பெட்டைக்கு அது ஒன்றுதான், அதைத் தகப்பன்தான் தருகிறது.

நெருக்கம் மிஞ்சினால் முதலில் அடிபடுவது முட்டைதான்: கருக்கூடாத முட்டை, ஓட்டுக்குள்ளேயே சாகும் குஞ்சு. பிறகு ஒரே கூட்டில் ஒன்று பெரிதும் ஒன்று சிறிதுமாக வளர்வது, அடிக்கடி தொண்டையில் கேன்கர் என்ற மஞ்சள் கட்டி நோய் வருவது. ஆனால் எல்லாப் பழியையும் ரத்தத்தின் மேல் போட்டுவிடக் கூடாது. மே மாத வெயிலில் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்கு அடியில் நல்ல முட்டையும் வெந்துபோகும். சால்மோனெல்லாக் கிருமியும் ஓட்டுக்குள் கொல்லும். கால் விரிந்த குஞ்சு பல நேரம் வழுக்கும் கூட்டுச் சட்டியின் வேலை; தென்னை ஈர்க்கு, வைக்கோல் போட்டாலே சரியாகிவிடும்.

எது காரணமென்று பிரித்தறிய வழி உண்டு. அதே நாளில் முட்டையிட்ட வேறு ஜோடியோடு முட்டைகளை மாற்றி வையுங்கள். அங்கே பொரிந்தால் உங்கள் ஜோடி அடைகாப்பதில்தான் கோளாறு. அங்கேயும் பொரிக்காவிட்டால் எச்சத்தைக் கால்நடை ஆய்வகத்தில் கொடுத்துப் பாருங்கள். அதிலும் எதுவும் இல்லையென்றால் ஆணையும் பெட்டையையும் உறவில்லாத பறவைகளோடு தனித்தனியே ஜோடி போடுங்கள். இரண்டு இடத்திலும் நன்றாகப் பொரித்தால், நெருக்கம்தான் காரணம் என்று சந்தேகிக்கலாம்.

உள்கலப்புக் குஞ்சை நீண்ட தூரப் பந்தயக் கூடையில் ஏற்றித் தொலைக்காதீர்கள். அது இனப்பெருக்கப் பெட்டிக்கான பறவை. பெல்ஜியத்தில் ஆரென்டாங்க் ஊரில் பந்தயப் புறா வளர்த்த ஜான்சென் சகோதரர்களின் நெருக்க ரத்தத்துக்கு உலகெங்கும் கிராக்கி வந்ததில், மற்ற ரத்தத்தோடு சேர்த்தபோது அது தந்த குஞ்சுகளுக்குப் பெரிய பங்கு உண்டு. அதே முறையில், உறவில்லாத இன்னொரு நல்ல குடும்பத்தோடு உங்கள் பறவையைச் சேர்த்து, அந்தக் கலப்புக் குஞ்சுகளை நெல்லூர், ஓங்கோல், விஜயவாடா என்று படிப்படியாகப் பறக்க விடுங்கள். அவற்றில் ஜெயித்த இரண்டை ஒன்றோடொன்று ஜோடி போடும் ஆசை வரும். அந்தத் தலைமுறையில் ஜீன்கள் சிதறி, ஒன்று தாத்தாவைப் போலவும் ஒன்று எதற்கும் உதவாமலும் வரும். கலப்பில் ஜெயித்ததை மூலக் குடும்பத்துக்கே திருப்பிப் போடுங்கள்.