விக்கா மதத்தைப் பற்றிப் பேசும்போது செய்யக்கூடாத தவறுகள்

விக்கா என்றதும் பில்லி, சூனியம், எலுமிச்சம்பழத்தில் ஊசி என்று நம் ஆட்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள். அது 1950-களில் இங்கிலாந்தில் வெளியே தெரியவந்த ஒரு மதம். அதில் இருப்பவர்கள் பலர் தங்களை விட்ச் (சூனியக்காரர் என்பதற்கான ஆங்கிலச் சொல்) என்று தாங்களாகவே, அதுவும் பெருமையோடு சொல்லிக்கொள்கிறார்கள், அதில் ஆண்களும் நிறைய உண்டு.

எல்லோரும் செய்யும் முதல் தவறு, இதைச் சாத்தான் வழிபாடு என்பது. சாத்தான் கிறிஸ்தவத்துக்குள் வருகிற பாத்திரம், விக்காவில் அவனுக்கு வேலையே இல்லை. அவர்கள் கும்பிடுவது நிலவோடும் பூமியோடும் சேர்த்துப் பார்க்கும் ஒரு தேவியையும், கொம்புள்ள ஒரு தேவனையும். அந்தக் கொம்பு காட்டையும் வேட்டையையும் குறிப்பது, அதைப் பார்த்துத்தான் இத்தனை பேர் பயப்படுகிறார்கள். வட்டத்துக்குள் இருக்கும் ஐந்துமுனை நட்சத்திரமும் அப்படித்தான்: நிலம், நீர், நெருப்பு, காற்று, ஐந்தாவதாக ஆன்மா. அமெரிக்காவில் இறந்துபோன விக்கா ராணுவ வீரர்களின் கல்லறைக் கல்லில் இந்தச் சின்னத்தைப் பொறிக்க வழக்குப் போட்டுத்தான் 2007-ல் அனுமதி வாங்க வேண்டியிருந்தது.

சடங்கில் கத்தி இருக்கிறதே, பலி கொடுப்பார்களோ என்று கேட்பார்கள். கறுப்புப் பிடி போட்ட அந்தக் கத்திக்கு அதாமே என்று பெயர். அதைக் காற்றில் நீட்டிச் சுற்றிவந்து வழிபாட்டுக்கான வட்டம் போடுவார்கள், கயிறோ மெழுகுவத்தியோ வெட்ட வேண்டுமென்றால் அதற்கு வெள்ளைப் பிடிக் கத்தி தனியாக இருக்கும். நான்கு திசைகளையும் அழைத்து, உப்பும் தண்ணீரும் தெளித்து, கடைசியில் கேக்கும் ஒயினும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு வட்டத்தைக் கலைப்பார்கள். மந்திரம் செய்வதும் உண்டுதான், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் யாருக்கும் கேடு வராதவரை உன் விருப்பப்படி செய் என்பதுதான் அவர்களுடைய அடிப்படை நெறி. செய்தது மூன்று மடங்காகத் திரும்பி வரும் என்றும் பலர் நம்புகிறார்கள், எல்லோரும் இல்லை.

சரி, இன்னொரு பக்கம் ஆதரவாளர்கள் செய்யும் தவறும் இருக்கிறது. இது கற்காலத்திலிருந்து ரகசியமாக வந்த மதம் என்பார்கள். மார்கரெட் மர்ரே 1921-ல் அப்படி ஒரு கருத்தை எழுதினார், வரலாற்றாசிரியர்கள் அதை எப்போதோ தள்ளிவிட்டார்கள். விக்காவை வெளியே கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். சின்ன வயதிலேயே இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு வந்து, பிறகு மலாயாவில் ரப்பர் தோட்டம், சுங்கத்துறை என்று வேலை பார்த்து, 1936-ல் இங்கிலாந்து திரும்பியவர். அங்கே தெற்கே இருக்கும் நியூ ஃபாரஸ்ட் என்ற காட்டுப்பகுதிப் பக்கத்தில் ஒரு பழைய குழுவில் 1939-ல் தீட்சை பெற்றதாகச் சொன்னார். 1735-ன் மாந்திரீகச் சட்டம் 1951-ல் நீக்கப்பட்ட பிறகுதான் வெளிப்படையாக எழுதினார். வழிபாட்டு வரிகளில் மிக அழகானவற்றை எழுதியவர் 1953-ல் தீட்சை பெற்ற டொரீன் வாலியன்டே. வயது குறைந்த மதம் என்பதால் பொய் மதம் ஆகிவிடாது. இல்லாத பழமையை ஒட்டவைப்பதுதான் அதற்குக் கெட்ட பெயர் தருகிறது என்பது என் எண்ணம்.

முற்காலத்தில் ஐரோப்பாவில் விட்ச் என்று பழி சுமத்தி 90 லட்சம் பேரை எரித்தார்கள் என்று பரவுவதும் தப்பு. இன்றைய ஆய்வாளர்களின் கணக்கு 40,000 முதல் 60,000 வரை, அதுவே கொடுமைதான். இங்கிலாந்தில் தூக்கில்தான் போட்டார்கள். 1692-ல் அமெரிக்காவின் சேலத்தில் 19 பேரைத் தூக்கிலிட்டார்கள், ஒருவரைக் கல்லை ஏற்றி நசுக்கினார்கள், யாரையும் எரிக்கவில்லை. அப்படிச் செத்தவர்களில் பெரும்பாலோர் சாதாரணக் கிறிஸ்தவர்கள்.

எனக்கு மிகவும் வலிக்கிற குழப்பம் ஒன்று உண்டு. ஜார்க்கண்டிலும் பீகாரிலும் சூனியக்காரி என்று சொல்லி அடித்துக் கொல்லப்படும் பெண்களின் செய்திக்குக் கீழே விக்கா படங்களைப் போடுகிறார்கள். விக்கா ஒருவர் தானாக விரும்பி ஏற்பது. இந்தப் பெண்களோ அப்படி எதையும் ஏற்றவர்கள் இல்லை. பக்கத்து வீட்டில் ஒரு குழந்தைக்கு நோய் வந்திருக்கும், இல்லையென்றால் விதவையின் நிலத்தின்மேல் யாருக்காவது கண் இருக்கும், பழி அவள் தலையில் விழும். பீகார் 1999-லும் ஜார்க்கண்ட் 2001-லும் இதற்கென்றே சட்டம் போட்டிருக்கின்றன, அந்தச் சட்டத்தின்படி குற்றவாளி அப்படிப் பட்டம் கட்டுகிறவர்தான்.