முதியோர் குடியிருப்பு வடிவமைப்பில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

2021ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி, தமிழ்நாட்டு மக்கள்தொகையில் அறுபது வயதைக் கடந்தவர்கள் 13.6 விழுக்காடு. கேரளத்துக்கு அடுத்து, நாட்டின் பெரிய மாநிலங்களில் இதுவே அதிகம். ஆகவே கோயம்புத்தூரைச் சுற்றியும் சென்னைப் புறநகரிலும் மூத்த குடிமக்களுக்கென்றே கட்டப்படும் வளாகங்கள் பெருகிவருவதில் வியப்பில்லை. மத்திய வீட்டுவசதி அமைச்சகமும் 2019இல் இவற்றுக்கான மாதிரி வழிகாட்டு நெறிமுறைகளை வெளியிட்டது. சாய்தளம், வழுக்காத தரை, கைப்பிடிக் கம்பி எல்லாம் இன்று விளம்பரத் தாள்களிலேயே இடம்பெறுகின்றன. இருந்தும் பல வளாகங்கள் பிழைபடக் காரணம், வீடு பார்க்க வரும் 62 வயதுக்காரரை மனத்தில் வைத்து வரைபடம் போடுவதுதான். அவர் காரோட்டுகிறார், படியேறுகிறார், நடைப்பயிற்சிக்குப் போகிறார். அதே வீட்டில் 82 வயதில் அவர் வாக்கரை ஊன்றி நடப்பார், அல்லது யாராவது சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிச் செல்வார்கள். வரைபடம் போட வேண்டியது அந்த வயதுக்கு.

தவறுகள் அதிகம் குவியும் இடம் குளியலறை. தண்ணீர் வெளியே வராதிருக்க, குளியலறைத் தரையை ஓர் அங்குலமாவது தாழ்த்திக் கட்டுவது நம் கொத்தனார்களின் நெடுநாள் வழக்கம். கால் தூக்கி வைக்க முடியாதவருக்கு அந்த ஓர் அங்குலமே தடுக்கும். தரையை அறையின் மட்டத்திலேயே வைத்து, உள்பக்கம் சரிவு கொடுத்து, வாசலை ஒட்டி நீளவாக்கில் ஒரு வடிகால் அமைத்தால் தண்ணீர் வெளியேறாது. அடுத்தது கதவு. குளியலறைக்கு வழக்கமாகப் போடும் இரண்டரை அடி நிலையில், இருபுறச் சட்டங்களும் போக மிஞ்சும் வழி ஏறத்தாழ 25 அங்குலம்; சாதாரணச் சக்கர நாற்காலியின் அகலமே அவ்வளவு இருக்கும். சட்டம் போக மூன்றடி வழி கிடைக்கும்படி நிலை அமைவது நல்லது. கதவு வெளிப்புறமாகத் திறக்க வேண்டும் என்பதில் சமரசம் கூடாது. உள்ளே விழுந்து கிடப்பவரின் உடலே கதவுக்கு முட்டாக நின்றுவிட்டால், உதவ வருபவர் உடைத்துக்கொண்டுதான் நுழைய வேண்டியிருக்கும்.

கைப்பிடிக் கம்பியைக் குடிவந்த பிறகு பொருத்திக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவது இன்னொரு தவறு. எடை குறைந்த பிளாக் கற்களால் கட்டிய சுவரில் திருகிய கம்பி, ஆள் தன் முழு எடையையும் போட்டுத் தொங்கும் நேரத்தில் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கம்பி வரவேண்டிய இடங்களைக் கட்டும்போதே குறித்து, அங்கு மட்டும் கான்கிரீட் நிரப்பிவிட்டால் போதும். செலவு மிகக் குறைவு. நட்சத்திர ஓட்டலைப் பார்த்துக் கண்ணாடிக் கூண்டு வைப்பதும் நமக்குப் பொருந்தவில்லை. பக்கெட்டில் நீர் பிடித்துக் குவளையால் மொண்டு குளித்துப் பழகியவர்கள் முதுமையில் முக்காலியில் உட்கார்ந்து குளிப்பார்கள். முக்காலியும் பக்கெட்டும் துணைக்கு நிற்கும் ஒருவரும் அந்தக் கூண்டுக்குள் அடங்க மாட்டார்கள்.

சாய்தளத்துக்கு 2021ஆம் ஆண்டின் தேசிய அணுகல் வழிகாட்டு நெறிமுறைகள் ஒன்றுக்குப் பன்னிரண்டு என்ற விகிதத்தைச் சொல்கின்றன. ஒன்றரை அடி உயரத் தளத்துக்கு அது பதினெட்டு அடி நீளம் கேட்கும். அந்த இடத்தைத் தொடக்கத்திலேயே ஒதுக்காததால், கடைசியில் ஆறடியில் ஒரு சரிவைப் பூசி முடித்துவிடுகிறார்கள். அது ஸ்கூட்டர் ஏற்றத்தான் உதவும்.

வெளிச்சத்தை வடிவமைப்பாளர்கள் அழகுக்காக எண்ணுகிறார்கள். இருபது வயதினரின் விழித்திரைக்குச் சென்றுசேரும் ஒளியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதினருக்குக் கிடைக்கிறது. கூடவே கண்கூச்சமும் மிகுகிறது. கண்ணாடிபோலப் பளபளக்கும் விட்ரிஃபைட் டைல்ஸில் சன்னல் வெளிச்சம் பட்டுத் தெறித்தால் தரை ஈரமா, காய்ந்ததா என்பது அவர்களுக்குத் தெரியாது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, வெள்ளைக் கழிப்பறைத் தொட்டி என்று ஒரே நிறமாக அமைத்தால் உட்காருமிடத்தின் விளிம்பே புலப்படாது. நிறவேறுபாடு வேண்டும் என்பதற்காகத் தரையின் நடுவே கருப்புப் பட்டை பதிப்பதும் ஆகாது. நினைவாற்றல் குறைந்த சிலர் அதைப் பள்ளம் என்று எண்ணித் தயங்கி நின்றுவிடுகிறார்கள்.

எட்டுப் பேர் ஏறும் வழக்கமான லிஃப்டுக்குள் ஸ்ட்ரெச்சரைக் கிடைமட்டமாக நுழைக்க முடியாது. நான்கு மாடிக் கட்டடத்தில் நோயாளியை நாற்காலியில் உட்கார வைத்துப் படிவழியே சுமக்க நேரும் என்பதை வரைபடத்திலேயே பார்த்திருக்கலாம். ஒரு லிஃப்டாவது நீளமானதாக, ஜெனரேட்டர் இணைப்புடன் இருக்க வேண்டும்.

நிலம் மலிவு என்பதற்காக ஊரிலிருந்து வெகுதூரம் தள்ளி, தோப்புக்கு நடுவே கட்டுவதை அமைதியான சூழல் என்று விற்கிறார்கள். கார் ஓட்டும்வரை அது அமைதிதான். ஓட்டுவதை நிறுத்திய மறுநாளிலிருந்து மருந்துக்கடைக்கும் கோயிலுக்கும் வங்கிக்கும் பிறரை எதிர்பார்த்து நிற்க வேண்டும். சிங்கப்பூரில் 2018இல் திறக்கப்பட்ட கம்போங் அட்மிரல்டி வளாகத்தில், முதியோருக்கான 104 வீடுகளுடன் மருத்துவ மையம், உணவங்காடி, குழந்தைகள் காப்பகம் ஆகியவை ஒரே கட்டடத் தொகுதியில், ரயில் நிலையத்தை ஒட்டியே அமைந்துள்ளன. அது அரசு கட்டியது. இங்குள்ள தனியார் கட்டுநர் அப்படியே செய்துவிட முடியாது. பேருந்து நிற்கும் சாலையை ஒட்டிய மனையைத் தேர்வது அவரால் இயலும். வளாகத்துக்குள்ளும் நூறடிக்கு ஓர் இருக்கையாவது வேண்டும். முதுகும் கைப்பிடியும் இல்லாத தாழ்ந்த கிரானைட் திண்டில் உட்காருபவர், ஊன்றி எழப் பிடிப்பில்லாமல் தவிப்பார்.

கடைசியாக, வரைபடத்தில் அநேகமாக எப்போதும் விடுபடுவது உடனிருந்து கவனிப்பவருக்கான இடம். ஒற்றைப் படுக்கையறை வீட்டில் இரவுப் பணியாள் கூடத்தில் பாய் விரித்தால், முதியவர் கூப்பிடும் குரல் மூடிய கதவைத் தாண்டி அவருக்குக் கேட்பதில்லை. படுக்கையறையிலேயே கட்டிலின் இருபுறமும் மூன்றடி இடைவெளியும், இன்னொரு சிறிய கட்டில் போடும் இடமும், அதன் அருகே ஒரு பிளக் பாயிண்டும் ஒதுக்க, அறையை இரண்டடி அகலப்படுத்தினால் பெரும்பாலும் போதும்.