ஆயில் பெயிண்டிங்கில் ஒளி: தானே கற்பவர்கள் தடுக்கி விழும் இடங்கள்

1868இல் தியடோர் ஜென்சன் என்ற ஓவியர் திருவிதாங்கூர் அரண்மனைக்கு வந்தார். ஆயில் பெயிண்டிங் சொல்லித்தர அவருக்கு மனமில்லை. தான் வரைவதை நின்று பார்க்க மட்டும் இளைஞர் ரவிவர்மாவை அனுமதித்தார். இன்றைக்கு நமக்கு யூடியூப் இருக்கிறது, ஆனால் அதில் தெரிவது யாரோ ஒருவர் அறையின் ஒளி. நம் அறையில் விழும் ஒளியை நாம்தான் பார்த்தாக வேண்டும். நான் அதைப் பார்க்காமலே பல கேன்வாஸ்களை வீணடித்தவன்.

முதல் கோளாறு ஜன்னலில். "வடக்கு ஜன்னல் ஓரம் வரையுங்கள், வெயில் நேராக விழாது" என்று ஐரோப்பியப் புத்தகங்கள் எல்லாம் சொல்லும். அவர்கள் ஊருக்கு அது சரி. சென்னை இருப்பதோ 13 டிகிரி வட அட்சரேகையில். ஏப்ரல் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை, நண்பகலில்கூட சூரியன் நமக்கு வடக்கே சாய்ந்துதான் நிற்கும். காலையும் மாலையும் வடக்கு ஜன்னலில் வெயில் தாராளமாக வரும். நான் ஜன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டிவிடுவேன். ஒளி பரவலாக விழும். அப்படியும் ஒரே அமர்வில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் போகாதீர்கள். அதற்குள் நிழல் இடம் மாறிவிடும். மாறிய நிழலைத் துரத்தினால் ஒரே மூக்குக்கு இரண்டு நிழல் வந்து சேரும்.

இரவில் மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் வரைவது அடுத்தது. அந்த ஒளியில் மஞ்சள் வண்ணம் வெளுத்துத் தெரியும், கை தானாக இன்னும் கொஞ்சம் மஞ்சள் சேர்க்கும். அப்படி வரைந்த அம்மாவின் முகத்தை விடிந்ததும் பார்த்தேன், மஞ்சள் காமாலை. 5000 கெல்வின் (பகல் வெளிச்சம் போன்ற வெண்மை), சிஆர்ஐ (நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்ற அளவு) 90க்கு மேல் என்று போட்ட எல்இடி பல்பு வாங்குங்கள். அது கேன்வாஸ் மேலும் பேலட் மேலும் ஒரே மாதிரி விழட்டும்.

இனி நிழல். பெரும்பாலான படங்கள் இங்கேதான் சாகின்றன. தோலின் நிறத்தோடு கறுப்பைக் கலந்தால் நிழல் வரும் என்று நினைக்கிறோம். தோல் நிறத்தில் இருக்கும் மஞ்சளோடு ஐவரி பிளாக் என்ற கறுப்பு வண்ணம் சேர்ந்தால் பாசிப் பச்சைதான் வரும். அல்ட்ராமரின் நீலமும் பர்ன்ட் அம்பர் என்ற கரும்பழுப்பும் கலந்து பாருங்கள்: கறுப்புக்குப் பக்கத்தில் வரும் ஓர் இருட்டு கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் நிழல் குளிர்ச்சியாகத் தெரியும், அம்பரைக் கூட்டினால் வெதுவெதுப்பாகத் தெரியும். நிழலை மெல்லிசாகவும் வெளிச்சப் பக்கத்தைத் தடிமனாகவும் பூசினால் ஆழம் கூடும்.

இன்னொரு பொறி, நிழலுக்குள் வரும் எதிரொளி. செம்மண் தரையில் நிற்கும் பெண்ணின் தாடைக்கு அடியில் ஒரு சிவந்த வெளிச்சம் தெரியும். சுற்றிலும் இருட்டு என்பதால் கண் அதைப் பெரிதாகக் காட்டும். அப்படியே வரைந்தால் முகத்தின் உருண்டை போய்விடும். நிழலுக்குள் இருக்கும் மிக வெளிச்சமான இடம்கூட, வெளிச்சப் பக்கத்தின் மிக இருண்ட இடத்தைவிட ஒரு படி மங்கலாக இருக்கட்டும். கண்ணைப் பாதி மூடிப் பாருங்கள், எது நிழலைச் சேர்ந்தது என்று உடனே தெரியும்.

டியூபில் இருக்கும் வெள்ளையைவிட வெளிச்சமான வண்ணம் நம்மிடம் கிடையாது. அதை நெற்றி, கன்னம், சேலை என்று எல்லா இடத்திலும் முதலிலேயே இறைத்துவிட்டால், கடைசியில் மூக்குத்திக்கு என்ன செய்வது? 2021இல் மறைந்த ஓவியர் எஸ். இளையராஜாவின் படங்களைக் கவனியுங்கள். அவர் கும்பகோணம் ஓவியக் கல்லூரியில் படித்தவர், நம்மைப் போல் தானே கற்றவரல்ல. ஆனாலும் நாம் எடுத்துக்கொள்ள நிறைய இருக்கிறது. ஜன்னலிலோ வாசலிலோ இருந்து வரும் ஒளி ஒரு கன்னத்தில் பளிச்சிடுவது சுற்றியுள்ள இருட்டின் தயவால்.

போட்டோ பார்த்து வரைபவர்களுக்கு: ஃபோன் கேமரா நிழலைத் தானாகவே வெளுத்துக் கொடுக்கும், இல்லையென்றால் மொத்தமாகக் கறுப்பாக்கும். அதே இடத்தில் நேரில் அரை மணி நேரம் உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டு அப்புறம் போட்டோவைத் தொடுங்கள்.

காய்ந்த பிறகு இருண்ட பகுதிகள் பளபளப்பு இழந்து சாம்பல் பூத்துத் தெரிந்தால், வண்ணம் கெட்டுவிட்டதாக எண்ணி மேலே பூசாதீர்கள். எண்ணெய் கீழே இறங்கியிருக்கிறது, அவ்வளவுதான். ஆயில் பெயிண்டில் கலந்திருக்கும் லின்சீட் ஆயிலை (ஆளி விதை எண்ணெய்) மிக மெல்லியதாகத் தடவித் துடைத்தால் பழைய ஆழம் திரும்பும்.

படத்தைப் பத்திரப்படுத்துவதாக நினைத்துச் சுவர்ப் பக்கம் திருப்பியோ பீரோவிலோ வைக்காதீர்கள். லின்சீட் ஆயில் இருட்டில் மஞ்சளாகும். அப்படி ஆகிவிட்டாலும் பதற வேண்டாம், நேர் வெயில் படாத வெளிச்சமான அறையில் சில வாரம் வைத்தால் மஞ்சள் பெருமளவு தெளிந்துவிடும்.